அவசரம் என்ற பொத்தான்

ஆனி மாதக் கடைசியில் எங்கள் மேலாளர் சென்னையிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தார். ஆடி முடிவதற்குள் பாதிக் கடைகளாவது சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் புதுக்கோட்டை மேசையை எடுத்துவிடுவோம் என்றார். மேசை என்று அவர் சொன்னது என்னைத்தான். புதுக்கோட்டையில் எங்கள் நிறுவனம் என்பது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறை, ஒரு மின்விசிறி, நான். "சென்னைக்கு வந்துடும்மா, உனக்கு இங்க வேலை இருக்கு" என்று அவர் அன்பாகத்தான் சொன்னார்.

எதையும் வரிசைப்படுத்தி எழுதிப் பார்ப்பது என் பழக்கம். நான் ஏன் போக முடியாது என்பதை அன்றைக்கும் எழுதினேன். ஒன்று, அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு, இங்கே மருத்துவமனையில் அவளுக்கென்று ஒரு கட்டில், ஒரு நேரம், கையில் ஊசி குத்தத் தெரிந்த ஒரு நர்ஸ் எல்லாம் அமைய வெகுநாள் ஆயிற்று. சென்னையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் தெம்பு அவளுக்கு இல்லை. மூன்று, அப்பா இல்லை, நான் ஒரே பெண். நான்கு, இந்த வேலை இல்லாவிட்டால் மருந்து இல்லை. ஐந்தாவதாக எழுத ஒன்று இருந்தது. அதை எழுதவில்லை.

நான் வேலை பார்த்தது வாடகைக் கடைகளுக்கான ஒரு மென்பொருளில். சேர், சாமியானா, அண்டா, ஜமுக்காளம், கல்யாண சோபா இவற்றையெல்லாம் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிற கடைகள். எந்தத் தேதிக்கு யார் கேட்டிருக்கிறார்கள், எத்தனை சேர் வெளியே போயிருக்கிறது, எத்தனை குடோனில் இருக்கிறது என்பதைக் கணினியில் பார்க்கலாம். மாவட்டத்தில் நிறையக் கடைகள் ஆசையாக வாங்கின. சில மாதங்களில் ஒவ்வொன்றாக அதைத் திறப்பதையே விட்டன. ஏன் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. பயனர் ஆய்வு என்று அதற்குப் பெயர். கடைக்கே போய் உட்கார்ந்து, அவர்கள் பயன்படுத்துவதைப் பார்த்து, தடுக்குகிற இடத்தைக் குறித்து வந்து சரிசெய்ய வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைக்குத்தான் முதலில் போனேன். கணவன், மனைவி இருவர் நடத்துகிற கடை. முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. நான் போனபோது கல்லாவுக்கு எதிரே சிவப்பு வெல்வெட் போட்ட கல்யாண சோபா ஒன்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. "ஒக்காருங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

"அண்ணே, இதுலயா?"

"வேற எதுல? எங்ககிட்ட இருக்கதுலயே இதுதான் ஒசத்தி."

"மாப்ள எங்கனு கேட்டுராதீக" என்று அக்கா உள்ளேயிருந்து சிரித்தார். கடைக்காரரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கணினிக்கு முன்னால் அக்கா இல்லை. இஞ்சினியரிங் படிக்கும் ஒரு சொந்தக்காரப் பையனை வரவழைத்து உட்கார வைத்திருந்தார்கள். விருந்தாளி வரும்போது கெட்டிக்காரனை முன்னால் நிறுத்துவதுதானே மரியாதை. அவன் கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் தட்டிக் காட்டினான். தினமும் அதைத் தொடுகிற அக்கா எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிவர ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். என்ன குறை இருக்கிறது என்று கேட்டேன். "கொறையெல்லாம் ஒண்ணுமில்லத்தா, நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் விடாமல் கேட்டதும், என் மனம் கோணக் கூடாதே என்று, "கொஞ்சம் மெதுவா வருது, அம்புட்டுத்தான்" என்றார்.

ஆவுடையார்கோவில் பக்கம் போனேன், நார்த்தாமலை போனேன், எங்கும் இதேதான். சோபா மட்டும் நிறம் மாறியது. எல்லாரும் நல்லாத்தான் இருக்கு என்றார்கள். எல்லாரும் மெதுவா வருது என்றார்கள். எல்லாரும், நான் கிளம்பும்போது, "அம்மாவுக்கு எப்புடி இருக்கு?" என்று கேட்டார்கள். சின்ன ஊர். டயாலிசிஸ் வார்டில் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மெதுவாக வருகிறது என்றார்களே, அதைச் சரிசெய்தேன். தேவையில்லாத படங்களை எடுத்தேன், பக்கங்களைச் சிறிதாக்கினேன், நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்படி மாற்றினேன். ஆடி பாதி ஓடிவிட்டது. மென்பொருள் பறந்தது. ஒரு கடைகூட அதைத் திறக்கவில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது. கடைக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விட்டு, ஆவணிக்குத் தயாராவது அப்போதுதான். சந்தாவை முடிவு செய்வதும் அப்போதுதான். நான் தினமும் காலையில் மாடியறைக்குப் போய் எந்தக் கடை புதுப்பித்தது என்று பார்ப்பேன். டயாலிசிஸ் நாட்களில் பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனை. அவள் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டே சென்னையில் வாடகை வீடு தேடுவேன். மருத்துவமனைக்குப் பக்கத்தில், மாடி ஏறத் தேவையில்லாமல், நான் கட்டக்கூடிய வாடகையில். மூன்றும் சேர்ந்து ஒரு வீடும் இல்லை. திரையை அவள் பக்கம் திரும்பாமல் பிடித்துக்கொள்வேன். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அப்படி ஒரு காலையில் எதிர்வீட்டுத் தாத்தா இறந்துபோனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அங்கே கூடிவிட்டது. யாரோ போன் செய்திருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்தக் கடையின் குட்டியானை வண்டி தெருமுனையில் வந்து நின்றது. எஞ்சினை அங்கேயே அணைத்துவிட்டு, வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சேர்களை வழக்கமாக அடுக்கோடு தொப்பென்று போடுவார்கள். அன்று ஒவ்வொரு அடுக்காகத் தூக்கிச் சத்தமில்லாமல் வைத்தார்கள். சாமியானாவுக்குக் கம்பு நட்டார்கள். கடைக்காரர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை. வீட்டுப் பெரியவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனார். துக்க வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனக்கும் தெரியும். நான் இந்த ஊரில் பிறந்தவள்.

பழக்கதோஷத்தில் அங்கே நின்றபடியே போனை எடுத்து அந்தக் கடையின் கணக்கைத் திறந்தேன். எல்லாச் சேரும் குடோனில் இருப்பதாகக் காட்டியது. என் கண் முன்னால் அவற்றில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த நாள் சொல்லாமல் கடைக்குப் போனேன். சோபா இல்லை, பையன் இல்லை. கணினியில் துணி போட்டு மூடியிருந்தது. அக்கா மட்டும் இருந்தார்.

"அக்கா, நேத்து எங்க தெருவுக்கு வந்த சேரெல்லாம் ஏன் ஏத்தல?"

"ஏத்திருவேன்த்தா. கைவேலையா இருந்துட்டேன்."

"நல்லது கெட்டதுல கெட்டது ஒண்ணுகூட ஏத்தல நீங்க. இப்பத்தான் பாத்தேன். முதல் மாசம் மட்டும் பிறனு போட்டு ஒண்ணு இருக்கு. அப்பறம் இல்லவே இல்ல."

அவர் வாசலைப் பார்த்தார். கடைக்காரர் வந்துகொண்டிருந்தார். "இந்தா கேக்குது பாருங்க" என்று அவரிடம் தள்ளிவிட்டார்.

கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். திரை முழுக்க ஒரே வாசகம், மேலே குத்துவிளக்குப் படத்தோடு. 'தங்கள் இல்ல விழா இனிதே நடைபெற வாழ்த்துகிறோம். மீண்டும் மீண்டும் எங்களை அழையுங்கள்!'

"எனக்கு எத்தன கல்யாணம் ஆயிருக்கு பாத்தீங்களா?" என்றார்.

"ஒண்ணையே வச்சு ஒழுங்கா நடத்தத் தெரியல" என்றார் அக்கா.

அவர்கள் சிரிப்பது எனக்காக என்று புரிந்தது. சொல்லப்போவதை லேசாக்கப் பார்த்தார்கள்.

எங்கள் மென்பொருளில் வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும் தேதியும் போடாமல் எதையும் சேமிக்க முடியாது. சேமித்த உடனே அந்த எண்ணுக்கு வாழ்த்து போய்விடும். கடைக்காரரின் திரையில் அது தெரியாது. விசேஷத்தின் வகை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, கோயில் விழா, பிற. வேறெதுவும் கிடையாது. முதல் மாதத்தில் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு. பைக் விபத்தில் அந்த வீட்டுப் பையன் போய்விட்டான். அக்கா பொறுப்பாக, பிற என்று தேர்ந்து, போன் வந்த எண்ணைப் போட்டு ஏற்றியிருக்கிறார். அது பையனின் அப்பாவுடைய எண். உடலைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் அவர் போனுக்கு வாழ்த்து போயிருக்கிறது.

"மறுநா சொந்தக்காரவுக நாலு பேரு வந்து இவுக சட்டையப் புடிச்சுட்டாக" என்றார் அக்கா. "இவுக கையக் கும்புட்டுக்கிட்டே நின்னாக. என்னானு சொல்லுவாக? எங்களுக்கே அப்பத்தான் அப்புடி ஒண்ணு போகுதுனு தெரியும்."

அன்றிலிருந்து எல்லாப் பதிவுக்கும் கடைக்காரர் தன் எண்ணையே போட ஆரம்பித்தார். துக்க வீட்டை ஏற்றுவதையே விட்டார். வாடகைக் கடைச் சங்கத்தில் சொல்ல, மற்றவர்களும் விட்டார்கள். துக்க வீட்டுக்குப் போன சேர் கணக்கில் வராது. குடோனில் சேர் இருப்பதாக மென்பொருள் சொல்லும். அதை நம்பிக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டு, காலையில் பார்த்தால் சேர் இருக்காது. துக்க வீட்டில் போய்த் திருப்பிக் கேட்கவும் முடியாது, அவர்களாக அனுப்பும்வரை காத்திருப்பதுதான் வழக்கம். அதன்பிறகு எவன் அந்தக் கணினியைத் திறப்பான்?

"இத ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? நான் எத்தன தடவ கேட்டேன்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்புடித்தா சொல்லுவேன்? வயசுப் புள்ள. வீட்டுல அம்மாவ அப்புடி வச்சுக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்க. ஒன்னய ஒக்கார வச்சு எழவு வீட்டுப் பேச்சப் பேசவா?"

எல்லாக் கடையிலும் அம்மாவைப் பற்றிக் கேட்டார்களே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் நான் அம்மாவோடு இங்கேயே இருக்க முடியுமோ, அதை அம்மாவுக்காகவே யாரும் சொல்லவில்லை. அழுதால் அக்கா பயந்துவிடுவார் என்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அன்று மதியமே வீட்டிலிருந்து மேலாளரை வீடியோவில் அழைத்தேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"டேட்டால எங்கம்மா இருக்கு இது?"

"டேட்டால வராது சார். அவங்க ஏத்துறதே இல்ல."

"ஏத்தாத ஒண்ண வச்சு நான் மேல என்ன காட்டறது?"

எங்கள் கணக்குப்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் சாவதில்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். தீபாவளிக்குப் பிறகு வரும் மாற்றங்களில் சேர்க்கலாம் என்றார்.

"தீபாவளிக்கு நான் இங்க இருக்க மாட்டேன் சார்."

"சரி, உன் மாவட்டத்துக்கு மட்டும் மாத்திக்கோ. ஆனா ஏதாவது உடைஞ்சா உன் பொறுப்பு. ஆடிக் கெடு ஆடிக் கெடுதான்."

வாழ்த்தை நிறுத்துவது சுலபம், ஒரு நிமிடத்தில் நிறுத்தினேன். பிறகு தனியாக ஒரு பொத்தான் செய்தேன். பெயர், எண், தேதி எதுவும் கேட்காது. எத்தனை சேர், எத்தனை சாமியானா என்று மட்டும் போட்டால் போதும், கணக்கில் கழிந்துவிடும். பொத்தான் மேல் துக்கம் என்று எழுதிக் கடையில் போய்க் காட்டினேன். அக்கா பதறிப்போய்த் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"அழிச்சுருத்தா, அழிச்சுரு. கல்யாணத் தேதி சொல்ல வந்து எதுத்தாப்புல ஒக்காருவாக. மொதக் கண்ணுல இதா படணும்?"

"அப்ப என்னக்கா போட?"

கடைக்காரர் யோசித்தார். "அவசரம்னு போடுங்க. போன்ல அப்புடித்தான் சொல்லுவாங்க. 'அண்ணே, கொஞ்சம் அவசரம்'. அதுக்கு மேல நாங்க கேக்க மாட்டோம். எந்த ஊருனு மட்டும் கேப்போம்."

"அப்ப ஊருக்கு ஒரு கட்டம் வைக்கவாண்ணே?"

"வேணாம், வேணாம். அது டிரைவர்கிட்ட வாயால சொல்றது."

ஊர்க் கட்டத்தை எடுத்தேன். அவசரம் என்று எழுதினேன். இனி சோதித்துப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் அதுதான் முக்கியம். செய்ததை நம் முன்னால் அவர்கள் பயன்படுத்திக் காட்ட வேண்டும். "இப்ப ஒரு போன் வந்த மாதிரி வச்சுக்கிட்டு ஒருக்கா செஞ்சு பாருங்கக்கா" என்றேன்.

"ஏத்தா!" அக்கா எழுந்தே விட்டார். "வராத போன வந்த மாதிரி பேசுறதா? வாயால கூப்புட்டா அது எந்த வாசல்ல போயி நிக்குமோ."

படித்தவள்தான் நான். எந்த வாசல் என்று அவர் மனதில் ஓடியதுதான் என் மனதிலும் ஓடியது.

சங்கத்துக் குழுவில் அக்காவே குரல் பதிவு போட்டார். "நம்ம புள்ள அதச் சரி பண்ணிருச்சு. அவசரம்னு ஒண்ணு இருக்கு, அத அமுக்குனா போதும். வாழ்த்தும் போகாது, ஒண்ணும் போகாது." பொத்தானை எந்தக் கடையில் யார் அழுத்தினாலும் என் போன் அதிரும்படி செய்துகொண்டேன். அதன்பிறகு எனக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

காத்திருந்தேன் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. எதற்குக் காத்திருந்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். யாராவது சாவதற்கு. ஆடியில் கோயில் விழா விட்டால் வேறு வேலை இல்லாத கடைகள். வந்தால் துக்க வீட்டு வேலைதான் வர வேண்டும், வந்தால்தான் பொத்தானை அழுத்துவார்கள், கணக்கு ஒத்துப்போகும், நம்பிக்கை வரும், சந்தா கட்டுவார்கள், நான் இங்கே இருப்பேன், அம்மா அவள் கட்டிலில் இருப்பாள். ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருந்தது. எத்தனை தடவை வரிசைப்படுத்தினாலும் முதல் வரியில் யாரோ ஒருவர் சாக வேண்டியிருந்தது. பேருந்து நிலையச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் படிக்க ஆரம்பித்தேன். எந்த ஊர் என்று பார்த்து, அந்த ஊருக்கு எந்தக் கடை போகும் என்று யோசித்து, போனைப் பார்ப்பேன். அதிர்ந்திருக்காது. போட்டோவில் இருப்பவர் முகத்தை அப்புறம்தான் பார்ப்பேன். ஆம்புலன்ஸ் போனால் நிமிர்ந்து பார்த்தேன். சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஆடி முடியச் சில நாட்கள் இருந்தன. அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். போன் அதிர்ந்தது. அவசரம். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கடை. சேர் நூற்றைம்பது, சாமியானா இரண்டு. எழுத்து சிதறாமல், எண் தப்பாமல், நான் நினைத்தது போலவே வந்திருந்தது. குடோன் கணக்கைத் திறந்தேன். நூற்றைம்பது குறைந்திருந்தது.

சந்தோஷப்பட்டேன். வேறு சொல் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை.

"என்னடி சிரிக்கிற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. நான் செஞ்சது ஒண்ணு வேலை செய்யுது."

"அந்தச் சாமியானாக்காரங்க வேலையா?" நான் மேலாளரோடு பேசியதெல்லாம் எங்கள் வீட்டில்தான். சுவர் ஒன்றும் கனமில்லை. "எதுத்த வீட்டுக்குப் போட்டது கிழிசல்டி. வந்தவங்க மேல எல்லாம் வெயிலு. எனக்குப் போடறப்ப நல்லதாப் பாத்துப் போடச் சொல்லு."

"அம்மா!"

"என்ன அம்மா? ஊரே வாயப் பொத்திக்கிட்டு என்னய ஒரு மாதிரி பாக்குது. நீயுமா?" நர்ஸ் குழாயைச் சரிசெய்ய வந்தாள். அம்மா அவளிடம், "இவ கடைல எனக்கு முன்பதிவு இல்லையாம்மா" என்றாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. என் பட்டியலில் நான் ஐந்தாவதாக எழுதாமல் விட்டதை அம்மா சத்தமாகச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கையைத் தொட்டேன். ஊசி குத்தாத கை. சில்லென்று இருந்தது, டயாலிசிஸின்போது எப்போதும் இருப்பது போல.

அடுத்தடுத்த நாட்களில் போன் மேலும் அதிர்ந்தது. ஆடிக் கடைசியில் பாதிக் கடைகள்கூடச் சந்தா கட்டவில்லை. ஆனால் விட்டுப்போன கடைகள் மறுபடி மென்பொருளைத் திறப்பது மேலாளருக்குத் தெரிந்தது. மேசை தை வரைக்கும் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். நன்றி சார் என்றேன். தைக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் டாக்டரிடமும் நான் அப்படித்தான், அடுத்த மாதத்துக்கு மேல் கேட்பதில்லை.

அந்த அறிவிப்பை நான் இன்னும் நிறுத்தவில்லை. அதிர்ந்தால் முதலில் கடையின் பெயரைப் பார்ப்பேன். தூரத்துக் கடை என்றால்தான் எண்ணைப் படிப்பேன். போன வாரம், மாடியறையில் இருந்தபோது அதிர்ந்தது. எங்கள் கடை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அதே கடை. சேர் ஐம்பது, சாமியானா ஒன்று. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு, ஒன்றும் இல்லை. அந்தக் கட்டங்களை எடுத்தவள் நான்தான். காலையில் அம்மாவை வீட்டில் தனியாக விட்டு வந்திருந்தேன்.

வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டது. மறுபடி செய்தேன்.

"என்னடி?" என்றாள் அம்மா. "அடுப்புல கொழம்பு இருக்கு. சொல்லு சீக்கிரம்."

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.